டாக்டர் வீட்டுக் கதவு

உங்கள் உறவினர்களில் யாராவது டாக்டராக இருக்கிறாரா? இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அவர் பாக்கியசாலியா என்பது வேறு விஷயம். தெருவோரத்து மாமரத்துக்கும் உறவுக்காரர்கள் நிறைந்த டாக்டருக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு கல்லை எறிந்து பார்ப்பார்கள். கல் எறிவதற்குக் காசா, பணமா?

நானும் எறிந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஒரு கூடை தேறும். அதில் ஒரு கல் எங்கே போய் விழுந்தது என்று தெரிந்து கொண்ட நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். சொன்னால் பாரம் கொஞ்சம் குறையும் என்பது ஒரு காரணம். உங்கள் கையிலும் இப்போது ஒரு கல் இருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அரங்குளநாதரும் பெரியநாயகி அம்மனும் கோயில் கொண்டிருக்கும் ஊர். சிவப்பு மண்ணும் தைல மரங்களுமாக இருக்கும். அங்கேதான் என் சித்தி வீடு. சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் புதுக்கோட்டை. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் சித்தி வீட்டுத் திண்ணை. நான் போனது பேத்தியின் காதுகுத்துக்காக.

பேத்தி என்றால் சித்தி மகளின் மகள். சித்தி மகள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். வேறொரு ஜில்லாவில் கிராமத்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறாள். அவள் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. 'எங்கள் டாக்டர்' என்றே வைத்துக் கொள்ளலாம். குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் உரிமை கொண்டாடுகிறோம்.

புதுக்கோட்டைச் சீமையில் படித்த பெண் குழந்தைகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1886ல் அந்த ஊரில் பிறந்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். எங்கள் டாக்டரும் சின்ன வயதில் சித்தப்பாவின் சட்டையை முன்பின்னாகப் போட்டுக் கொண்டு, "நான்தான் முத்துலட்சுமி ரெட்டி, நாக்கை நீட்டுங்க" என்று எங்களையெல்லாம் பரிசோதித்தவள். அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது குடும்பம் முழுவதற்குமே இடம் கிடைத்துவிட்ட மாதிரி நாங்கள் பூரித்துப் போனோம். அன்று முதல் எங்களில் ஒருவர்கூட ஒரு சளி, ஒரு தும்மலை அவளுக்குத் தெரிவிக்காமல் விட்டதில்லை.

காதுகுத்து ஊருக்கு வெளியே குலதெய்வமான அய்யனார் கோயிலில். மண் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். குழந்தை வாயைக் கோணிக் கொண்டு நாலா பக்கமும் பார்த்தாள்.

"அம்மா எங்கே?"

அம்மா நாற்பது கஜம் தள்ளி ஒரு பனைமரத்தடியில் நின்றிருந்தாள். காதில் போன். ஒரு கையால் மறு காதைப் பொத்திக் கொண்டு யாருக்கோ எதையோ விளக்கிக் கொண்டிருந்தாள்.

"ஏ ஆத்தா! நல்ல நேரம் போயிருமே, ஓடியா!" என்று சித்தி கூப்பிட்டாள். அவள் 'இதோ' என்று கையைக் காட்டினாள். ஆசாரி காத்திருந்து பார்த்தார். கடைசியில் ஒரு காதைக் குத்தி, மறு காதையும் குத்திவிட்டார். எங்கள் டாக்டர் ஓடி வந்தபோது குழந்தை பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக் கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டியும் வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சித்தப்பா விளையாட்டாக, "கம்மல் போட்டாச்சு. அடுத்தது என்ன வேணும் என் தங்கத்துக்கு?" என்று கேட்டார்.

"போன் வேணும் தாத்தா."

"ஐந்து வயசில் எதுக்குடி போன்?"

"அம்மாவைக் கூப்பிட."

யாரும் சிரிக்கவில்லை.

* * *

எல்லோரும் படுத்த பிறகு அவளைத் திண்ணைக்கு அழைத்துக் கொண்டு போனேன். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு உபதேசம் செய்யச் சொல்லித் தர வேண்டுமா? ஆரம்பித்தேன்: "ஒரு நாள் அந்தச் சனியனை அணைத்து வைத்தால் உலகம் முழுகிப் போய்விடுமா? குழந்தை எப்படி ஏங்கிப் போய்விட்டது பார்த்தாயா?"

அவள் கோபித்துக் கொள்ளவில்லை. போனை எடுத்தாள். "எண்ணிக்கங்கக்கா" என்றாள்.

வேலை சம்பந்தமான வாட்ஸ்அப் குழுக்கள் மட்டும் பதினொன்று. காய்ச்சல் கணக்கு ஒன்றில், தடுப்பூசிக் கணக்கு இன்னொன்றில். முகாம் நடத்தினால் போதாது. நடத்தியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். காலையில் ஒருவர் கேட்ட புள்ளிவிவரத்தையே மாலையில் வேறொருவர் வேறு படிவத்தில் கேட்பார். முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் நிதி உதவி அளிக்கிறதல்லவா? அதற்கும் தாய்மாரின் விவரங்களைக் கணினியில் பதிந்து எண் வாங்கியாக வேண்டும். நல்ல திட்டம்தான், பதிவும் அவசியம்தான். ஆனால், "முத்துலட்சுமி அம்மா இப்ப இருந்தா பாதி நேரம் டைப் அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றாள் எங்கள் டாக்டர்.

அடுத்தது நோயாளிகள். அதற்கும் அடுத்தது உறவு, சிநேகிதம். கேளுங்கள் அந்த வைபவத்தை! ஒரு வணக்கம்கூட இல்லாமல் ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் வந்து விழுந்திருக்கிறது. "சர்க்கரை 180, கல்யாண வீட்டில் ஜாங்கிரி ஒன்று சாப்பிடலாமா?" என்று பந்தியில் உட்கார்ந்தபடியே ஒருவர். "நீ எழுதின மாத்திரைக்கு இண்டர்நெட்டில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே?" என்று ஒரு பெரியப்பா. இவ்வளவுக்கும் நடுவே ரோஜாப் பூப் போட்ட காலை வணக்கங்கள் ஒரு வண்டி.

"இதையெல்லாம் பார்க்காமல் விட்டுவிடேன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "விட்டேன் அக்கா. மூணு மாசம் முன்னாடி ஒரு தடவை விட்டேன்."

அவளிடம் வரும் கர்ப்பிணிகளுக்கெல்லாம் தன் நம்பரைக் கொடுத்து, "ஏதாவதென்றால் தெரிவியுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ராத்திரி ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. எட்டாம் மாதம் முடிந்தவள். தலைவலி பொறுக்க முடியவில்லை, கண் மங்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாள். நிறைமாதம் நெருங்குகையில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ரத்தக் கொதிப்பு எகிறிவிட்டது என்று பயப்பட வேண்டும். எந்த நிமிஷமும் ஜன்னி கண்டுவிடலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

"நான் அதைப் பார்த்தப்ப மணி பதினொண்ணு இருபது. அதுக்கு மேலே அறுபது செய்தி வந்து அமுக்கிருச்சு. அந்த நேரத்தில் நான் சும்மாவும் இல்லை. சொந்தக்காரங்க ஒருத்தர் குழந்தைக்குச் சளின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கண் செருகிருச்சு."

"அந்தப் பெண்?"

"பக்கத்து வீட்டுக்காரம்மா 108க்குப் போன் பண்ணியிருக்காங்க. வழியில் ஜன்னி வந்திருச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தாங்க. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அய்யனார் புண்ணியம். என் புண்ணியம் இல்லை."

அன்று முதல் போன் தலையணைக்கு அடியில்தான். மணி அடிக்காவிட்டாலும் அடிப்பது போல் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். இன்று பனைமரத்தடியில் பேசியதும் ஒரு கர்ப்பிணியின் புருஷனோடு. "பிள்ளை அசையலைன்னு சொன்னார். காது குத்துற நேரம், அப்புறம் பேசுறேன்னு எப்படிக்கா வைக்க முடியும்?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் திண்ணையிலேயே இருந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. என் போனை எடுத்தேன். மூன்று மாதம் பின்னால் போனேன். அவள் சொன்ன அதே தேதி. ராத்திரி ஒன்பது மணி பதினாறு நிமிஷம்.

"பையனுக்குச் சளி. தயிர் கொடுக்கலாமா?"

என் செய்திதான். அவள் பதில் சொல்லியிருக்கிறாள். நான் விடவில்லை. மோராகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். போன தடவை கொடுத்த மருந்து பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். அவனை இருமவிட்டு அந்தச் சத்தத்தைக்கூடப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். ஒன்பது முப்பத்தெட்டுக்கு, 'ரொம்ப தாங்க்ஸ்டி' என்று ஒரு கைகூப்பிய பொம்மை. இருபத்திரண்டு நிமிஷம்! அந்த நேரம் முழுவதும் என் தயிருக்கு அடியில் ஒரு பெண்ணின் உயிர் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

'சொந்தக்காரங்க ஒருத்தர்' என்றாளே தவிர, 'நீங்கள்தான்' என்று அவள் சொல்லவில்லை.

* * *

சகோதரிகளே, மறுநாள் காலை சித்தியிடம் ஒன்று கேட்டேன். "உங்கள் காலத்தில் ராத்திரி உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்வோம்? விடியட்டும்னு கஷாயத்தைக் குடுத்துப் பாப்போம். முடியலைன்னா வண்டியைக் கட்டிக்கிட்டு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அந்நேரத்தில் தட்டுறதுன்னா சும்மாவா? மூணு தடவை யோசிச்சிட்டுத்தான் தட்டுவோம்."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்து டாக்டருக்கு ஒரு கதவு இருந்தது. இருட்டில் வழி நடந்து போய் அதைத் தட்ட வேண்டியிருந்தது. அந்த நடைதான் சல்லடை. தயிர் சமாசாரமெல்லாம் வழியிலேயே உதிர்ந்து போகும். கதவு ராத்திரி தட்டப்பட்டால் விஷயம் பெரியது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். இன்றைக்கு நடையும் இல்லை, கதவும் இல்லை. ஜாங்கிரிக்கும் ஜன்னிக்கும் ஒரே மணிதான் அடிக்கிறது.

டாக்டர்கள் கடுமையாக உழைப்பது புதிதல்ல. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனைக்கு முன்னால் டாக்டர் ரங்காச்சாரியின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்பே ஆபரேஷன்களை ஆரம்பித்து நடுராத்திரி வரை நோயாளிகளைப் பார்த்தவர். வெளியூர் நோயாளிகளுக்காகச் சொந்தமாக ஓர் ஆகாய விமானமே வைத்திருந்தார். 1934ல் காலமானபோது வயது 52தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த நேரத்துக்காவது அவரை யாரும் கூப்பிட முடியாது! நம் டாக்டர்களுக்கு அந்த ஆகாயமும் இல்லை.

அதற்காகப் போனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்துப் புதுக்கோட்டை ஜில்லாவில் மரங்களெல்லாம் சாய்ந்தபோது, பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. ஓர் ஆபத்தென்றால் சொல்லியனுப்ப வழியில்லாமல் தவித்ததைச் சித்தி இன்றும் மறக்கவில்லை. கொரோனா வந்த 2020ல், மார்ச் 25ஆம் தேதி, போன் மூலமும் வீடியோ மூலமும் எழுத்து மூலமும் டாக்டர்கள் வைத்தியம் சொல்லலாம் என்று மத்திய அரசு விதிமுறைகளை வெளியிட்டது. எத்தனையோ பேரை அது காப்பாற்றியது. அந்த விதிமுறைகளிலேயே, டாக்டர் அதற்குக் கட்டணம் வாங்கலாம். நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் போன் வைத்தியத்தை நிறுத்திவிடலாம் என்றெல்லாம் இருக்கிறது. நாம் அந்தப் பக்கங்களை மட்டும் சௌகரியமாகப் புரட்டாமல் விட்டுவிட்டோம்!

எங்கள் டாக்டருக்கு வந்திருப்பது என்ன? சென்னைக்குத் திரும்பியதும் காரியாலயத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நியூயார்க்கில் ஓர் இலவச வைத்தியசாலையில் இரவுகளில் சேவை செய்து வந்த பிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர், 1974ல் இதைப் பற்றி எழுதி, 'எரிந்து தீர்ந்து போதல்' என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்தார். விளக்கில் எண்ணெய் வற்றித் திரி கருகுகிறதே, அதுதான். 2019ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. ஒன்று, ஓய்ந்து போதல். இரண்டு, செய்கிற வேலை மேலேயே கசப்பு வந்து மனம் ஒதுங்குதல். மூன்று, திறமை குன்றிவிட்டது என்ற எண்ணம். இதை ஒரு வியாதி என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலையிடத்தில் ஓயாமல் வரும் நெருக்கடியைச் சரிவர ஆளாததால் விளைவது என்கிறது. அப்படியானால் மருந்தை டாக்டருக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. நெருக்கடி கொடுக்கிறவர்களும் கொஞ்சம் சாப்பிட வேண்டும்.

சர்க்காருக்கு இது தெரியாமல் இல்லை. பயிற்சி டாக்டர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வது வழக்கமாகிவிடக் கூடாது என்று 1992லேயே மத்திய அரசு விதி செய்தது. 2024ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு ஒன்று, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்று சிபாரிசு செய்தது. எழுபத்து நாலே போதும் என்று கெஞ்ச வேண்டியிருந்தால் நடைமுறை எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். பிரான்ஸ் தேசத்தில் 2017 முதல், வேலை நேரம் முடிந்த பிறகு காரியாலயச் செய்திகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைச் சட்டமே பேசுகிறது. நம் லோக்சபையிலும் 2018ல் ஓர் அங்கத்தினர் அப்படி ஒரு தனி மசோதா கொண்டு வந்தார்.

ஆனால் டாக்டர் உத்தியோகத்தில் சட்டம் மட்டும் போதாது. ராத்திரியில் யாராவது ஒருவர் விழித்திருந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் முறை வைத்து மாற வேண்டும். முறைக்காரரின் போன் மட்டும் அடிக்க வேண்டும். மற்றவர்கள் தூங்க வேண்டும். ஒரே கணக்கை ஒரே தடவை கேட்டால் போதும் என்று மேலிடமும் நினைக்க வேண்டும். இவையெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டிய காரியங்கள்.

நாம் செய்யக் கூடிய காரியமும் ஒன்று உண்டு. போன நடையை நம் மனத்திலாவது நடந்து பார்ப்பது. அனுப்புவதற்கு முன், 'இதற்காக இந்நேரம் இருட்டில் போய்க் கதவைத் தட்டுவேனா?' என்று ஒரு கேள்வி. தட்டமாட்டேன் என்றால் விடியட்டும். தட்டத்தான் வேண்டும் என்றால், எழுதிக் கொண்டிராதீர்கள்! கர்ப்பிணிக்குத் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், ஜன்னி, ரத்தப்போக்கு. குழந்தைக்கு மூச்சுத் திணறல், வலிப்பு, எதையுமே குடிக்க முடியாமை. பெரியவர்களுக்கு நெஞ்சு வலி. இவற்றுக்கெல்லாம் 108ஐக் கூப்பிட்டுப் பேசுங்கள். சந்தேகம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் 104 என்று அரசாங்க எண் ஒன்று இருக்கிறது. தூங்குகிற டாக்டரின் தலையணைக்கு அடியில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, 'தெரிவித்துவிட்டேன்' என்று இருந்துவிடாதீர்கள்.

இதை எங்கள் டாக்டரும் இப்போது தன் தாய்மாருக்கெல்லாம் அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். அவசரத்துக்கு எழுதக் கூடாது, பேச வேண்டும். உறவினர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம். "அதுக்கு மேலே கேட்டா டோக்கன் போட்டிருவேன்" என்கிறாள். குடும்பத்தில் இரண்டொருவருக்கு இதில் வருத்தம்தான். பெரியப்பா, "படிச்ச திமிர்" என்றாராம். நான் அவளுக்காகப் பெரியப்பாவிடம் வாதாடிப் பார்த்தேன். பலித்ததாகத் தெரியவில்லை.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றுதானே கேட்கிறீர்கள்? ஊருக்குக் கிளம்புகிற அன்று கேட்டேன். பஸ் வரும் நேரம். "அந்தத் தயிர் நான்தானேடி?" என்றேன். அவள் என் பையை வாங்கிக் கொண்டு, "பையனுக்கு இப்ப இருமல் தேவலையாக்கா?" என்றாள். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு என் பையன் மறுபடியும் இருமினான். போனை எடுத்து, அவள் பெயரைத் தொட்டு, 'பையனுக்கு' என்று எழுதியும் விட்டேன். பழக்கம் பொல்லாதது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். மூச்சு சாதாரணமாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் சாயங்காலம் எங்கள் தெரு டாக்டரிடம் அழைத்துப் போய், நாற்பது நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து, இருநூறு ரூபாய் கொடுத்துக் காட்டி வந்தேன்.

நாங்கள்தான் கடைசி. வெளியே வந்து செருப்பை மாட்டிக் கொள்ளும்போது, பின்னால் டாக்டர் கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. சாத்திக் கொள்ளட்டும். நாளைக்குத் திறக்க வேண்டுமல்லவா?